கூட்டேரிப்பட்டில் எழுந்து நின்ற குழந்தை

போன மாதம் தபாலில் எனக்கு ஒரு கையேடு வந்தது. குழந்தைகள் இல்லங்களில் வேலைக்குச் சேரும் புதியவர்களுக்காக அச்சடித்தது. தத்துக் கொடுக்குமுன் என்ன பார்க்க வேண்டும், யாரை விசாரிக்க வேண்டும், கொடுத்த பிறகு எப்போதெல்லாம் போய்ப் பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள். அனுப்பிய பெண்கள் கூடவே கேட்டிருந்தார்கள்: "அந்தக் காலத்தில் நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதித் தர முடியுமா, அம்மா?"

எங்கள் காலத்தில் கையேடு கிடையாது. அதற்குப் பதில் தெய்வநாயகி அம்மாள் இருந்தார்.

நான் மன்னார்குடிக்காரி. சென்னையில் சமூக சேவைப் படிப்பு முடித்தேன். படித்ததில் பாதி இங்கிலாந்துக் குழந்தைகளைப் பற்றியது. மீதிப் பாதியைப் பரீட்சை எழுதிய கையோடு மறந்துவிட்டேன். ஐம்பதுகளின் பிற்பகுதியில் விழுப்புரத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வேலை கிடைத்தது. ஜங்ஷனுக்குப் பின்னால், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் கட்டடம். குழந்தைகள் மணி பார்க்க மாட்டார்கள். பாண்டிச்சேரி வண்டி போனால் குளியல், திருச்சி வண்டி வந்தால் சாப்பாடு.

சேர்ந்த வாரத்தில் ஆயா பச்சையம்மா என்னிடம் வந்து, "மல்லாட்டைய வறுக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள். எனக்கு 'ஆட்டை' மட்டும்தான் காதில் விழுந்தது. "ஐயையோ, நான் சைவம்" என்றேன். பச்சையம்மா சிரித்த சிரிப்பில் தொட்டிலில் தூங்கிய இரண்டு குழந்தைகள் எழுந்துவிட்டன. எங்கள் ஊரில் அது கடலை. இங்கே மல்லாட்டை. எங்கள் கேழ்வரகு இங்கே கேப்பை. அந்த வருஷம் முழுக்க நான் இல்லத்துக் குழந்தைகளிடம்தான் தமிழ் படித்தேன்.

கிராமங்களுக்குப் போனால் வேறு வேடிக்கை. கையில் பை, காலில் செருப்பு, வெள்ளைப் புடவை என்று ஒரு பெண் பஸ்ஸை விட்டு இறங்கினால் அம்மை குத்த வந்தவள் என்றே ஊர் முடிவு கட்டும். நான் தெருவுக்குள் நுழையும்போதே பிள்ளைகள் வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடி ஒளிவார்கள். குழந்தைகளைப் பார்த்துப் பேசுவதுதான் என் வேலை!

தெய்வநாயகி அம்மாள் எங்கள் கண்காணிப்பாளர். உயரமானவர். கஞ்சி போட்ட புடவை, ஆண்கள் கட்டும் அளவில் பெரிய கைக்கடிகாரம். யாரையும் திட்டியதில்லை. "அப்படியா?" என்பார். அதையே மூன்று விதமாகச் சொல்வார். முதல் விதத்துக்கு 'மேலே சொல்' என்று பொருள். இரண்டாவதற்கு 'நீ சரியாகப் பார்க்கவில்லை.' மூன்றாவது வந்தால், மறுபடி பஸ் ஏறத் தயாராக வேண்டும்.

நான் எழுதிய முதல் அறிக்கை எனக்கே பிடித்திருந்தது. தத்துக் கேட்ட வீட்டின் நிலம், கிணறு, மாடு, சொந்தபந்தம் என்று ஒன்றையும் விடவில்லை. அம்மாள் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"நல்லா இருக்கு மீனாட்சி. இதுல குழந்தை எங்க?"

"குழந்தை சின்னதும்மா. அது என்ன சொல்லும்?"

"அப்படியா?" என்றார். மூன்றாவது விதம். பஸ் ஏறினேன்.

தத்துக் கேட்டு வருபவர்களை அவர் உட்கார வைக்கும் விதமே தனி. ஆபீசுக்குள் விட மாட்டார். குழந்தைகள் விளையாடும் முற்றத்து ஓரத்தில் ஒரு பெஞ்சு. "அம்மா வேலையா இருக்காங்க, இப்படி உக்காருங்க" என்று பச்சையம்மா சொல்வாள். அம்மாளுக்கு ஒரு வேலையும் இருக்காது. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். பந்து ஒன்று உருண்டு போய் வந்தவர் காலில் இடிக்கும். சிலர் வேட்டியைத் தட்டிக்கொள்வார்கள். சிலர் பந்தை ஓரமாக வைப்பார்கள். சிலர் திருப்பி உதைப்பார்கள். "பந்தை வச்சு முடிவு எடுக்க முடியாது மீனாட்சி. ஆனா பேச்சை எங்க ஆரம்பிக்கலாம்னு தெரிஞ்சிடும்" என்பார்.

அந்தப் பெஞ்சில் ஒரு நாள் திண்டிவனத்திலிருந்து அருணாசலமும் அவர் மனைவி சரஸ்வதியும் வந்து உட்கார்ந்தார்கள். அருணாசலம் சைக்கிள் கடை வைத்திருந்தார். கல்யாணமாகி வெகு காலமாகியும் குழந்தை இல்லை. பந்து வந்தது. அருணாசலம் எழுந்து போய்ப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடவே ஆரம்பித்துவிட்டார். அம்மாள் வெளியே வர வேண்டியதாயிற்று.

தத்து என்றால் ஆண் பிள்ளை என்றே எல்லாரும் கேட்ட காலம். சரஸ்வதி பெண் வேண்டும் என்றாள்.

"கொள்ளி வைக்கப் புள்ள வேணும்னு எங்க மாமியாரு சொல்லிக்கினு இருக்காங்க. செத்தப்பறம் யாரு வச்சா இன்னா? எனக்குத் தல வாரிப் பின்னி வுடறதுக்கு ஒரு பொண்ணு வேணும்."

அம்மாள் அருணாசலத்திடம் திரும்பினார். "குழந்தைக்கு ராத்திரியில காய்ச்சல் வந்தா யார் எழுந்திருப்பீங்க?"

"நான் கடையிலதான் படுத்துக்குவேன், சாமான் திருட்டுப் போயிடுங்க" என்றார் அவர் யோசிக்காமல். சரஸ்வதி அவரைப் பார்த்த பார்வையில், "கடைய ஒழுங்கா பூட்டிடலாம்" என்று சேர்த்துக்கொண்டார். "பொய் சொல்லத் தெரியாதவர்" என்று அம்மாள் பிறகு என்னிடம் சொன்னார். அது நல்ல குறிப்பு.

அவர்களுக்காக நாங்கள் நினைத்த குழந்தை கமலா. கமலா என்பது நாங்கள் வைத்த பெயர். அந்த மாசி மாதம் மாயவரம் பக்கத்திலிருந்து வந்த பாசஞ்சரை விட்டு இறங்கிய கூட்டத்தில் தனியே நின்றவளை ரயில்வே போலீஸ்காரர் தூக்கிக்கொண்டு வந்தார். நாலு வயது இருக்கும். பெயர் கேட்டால் "பாப்பா" என்றாள். அதற்கு மேல் பேச்சில்லை. தெற்கே போய்விட்டு வந்த வண்டி என்பதால் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குழந்தை என்று எழுதிவிட்டார்கள். அந்த வழி ஸ்டேஷன்களில் நோட்டீஸ் ஒட்டினோம். லீவில் ஊருக்குப் போனபோது நானே கும்பகோணத்தில் இறங்கி விசாரித்தேன். யாரும் வரவில்லை.

பல வாரங்கள் அவள் பேசவே இல்லை. பிறகு மெல்லப் பேசத் தொடங்கியபோது மற்றப் பிள்ளைகளைப் போலவே பேசினாள். ஒரு வழக்கம் மட்டும் முதல் நாளிலிருந்தே உண்டு. பக்கத்தில் படுப்பவர் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். பச்சையம்மாவின் காது பல மாதம் சிவந்தே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சரஸ்வதி வந்து தலை பின்னிவிட்டாள். கமலா அவளிடம் நன்றாக ஒட்டிக்கொண்டாள். தத்துச் சட்டம் அப்போது புதிது. பெற்றவர் யாரென்று தெரியாத குழந்தையை யார் எழுந்து நின்று கொடுப்பது என்பதில் வக்கீல்களுக்கே குழப்பம். முதலில் கடலூர் கோர்ட்டில் கார்டியன் உத்தரவு வாங்குவோம் என்று ஏற்பாடாயிற்று. அதற்கு முன்னால் குழந்தை சில நாள் அந்த வீட்டில் தங்கிப் பழக வேண்டும் என்பது அம்மாளின் முறை. அழைத்துப் போக சரஸ்வதி வந்தாள். கொண்டுபோய் விடும் பொறுப்பு என்னுடையது. மூன்று பேரும் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினோம்.

கமலா ஜன்னலோரம். வழி நெடுக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. மயிலத்துக்குத் திரும்பும் இடம். ஆள் இறங்கவும் ஏறவும் கொஞ்ச நேரம் நிற்கும். கமலா சட்டென்று சீட்டில் எழுந்து நின்றாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். சரஸ்வதியின் கையை இழுத்தாள்.

"எறங்கு. ஜல்தியா எறங்கு. பஸ்ஸு பூடும்."

"திண்டிவனம் இன்னும் வர்ல கண்ணு" என்றாள் சரஸ்வதி.

"வூடு வந்துடுச்சி" என்றாள் குழந்தை.

சரஸ்வதி அவளை மடியில் இழுத்து உட்கார வைத்துக் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தாள். பஸ் கிளம்பியது. கமலா கழுத்தைத் திருப்பி அந்தக் கடைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வீட்டில் அருணாசலம் பழைய இரும்பை வளைத்து ஒரு மூன்று சக்கர வண்டி செய்து, சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். குழந்தை அதில் ஏறியதும் கூட்டேரிப்பட்டை மறந்துவிட்டது. அவர் பின்னால் குனிந்து தள்ளிக்கொண்டே தெருக்கோடி வரை ஓடினார். சரஸ்வதி எனக்குக் காபி கொண்டுவந்தாள்.

"நீங்க பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன்."

"பஸ்ஸு நின்னா எல்லாக் கொழந்தையுந்தான் எந்திரிக்கும்."

"ஆமாம்."

அவள் வாசலைப் பார்த்தாள். வண்டி திரும்பி வரும் சத்தம் கேட்டது. "சொல்லாதீங்கன்னு உங்களக் கேக்கலாம்னு வழியெல்லாம் நெனச்சிக்கினு வந்தேன். வாய் வர்ல. போங்க, பெரியம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள்.

அன்று மாலையே அம்மாளிடம் சொன்னேன். சொல்லும்போதே, வண்டி ஓட்டிய அந்தக் குழந்தையின் முகம் என் நினைவில் வந்துகொண்டிருந்தது. 'இவ்வளவு நல்ல இடம் கிடைத்திருக்கிறதே' என்று மனசு இழுத்தது. அம்மாள் "அப்படியா?" என்றார். முதல் விதம்.

"இந்தப் பக்கத்துக் குழந்தையா இருக்குமோன்னு தோணுதும்மா. மல்லாட்டைங்கறா, கேப்பைங்கறா. எங்க ஊர்ப்பக்கம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

"இங்க இத்தனை மாசமா இருக்கா. நம்ம பிள்ளைங்ககிட்ட கத்துக்கிட்டிருப்பா."

உண்மைதான். ஆனால் பாத்திரம் எடுக்க வந்த பச்சையம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "இல்லம்மா, வந்தன்னிக்கே சோத்தத் தொடல அது. கேப்பக் கூழு குடுன்னுதான் அழுதுச்சி. அப்பறந்தான வாய மூடிக்கிச்சி" என்றாள்.

அம்மாள் சிறிது நேரம் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நாளைக்குக் கூட்டேரிப்பட்டுக்குப் போ. குழந்தையைக் கூட்டிப் போகாதே. குழந்தை எப்படி இருக்கும்னு நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அவங்கதான் சொல்லணும். நீ கேட்டுக்கிட்டு மட்டும் இரு."

மறுநாள் கூட்டேரிப்பட்டில், பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் போய், "இந்தப் பக்கம் யார் வீட்டிலாவது குழந்தை காணாமல் போயிருக்கிறதா?" என்று கேட்டேன். டீ ஆற்றியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அம்மை குத்த வர்லியா நீங்க?" என்றார். இல்லை என்றதும் முகம் மாறியது. "முனியம்மா பொண்ணு தொலைஞ்சி போச்சி. அதுவும் பாவம், தேடாத எடம் இல்ல." ஒரு பெண்ணைத் துணைக்கு அனுப்பினார்.

முனியம்மா மல்லாட்டைக் காட்டில் கூலி வேலையில் இருந்தாள். புருஷன் இல்லை. என்னைவிட இளையவள், பார்த்தால் அப்படித் தெரியாது. வரப்பில் உட்கார்ந்தோம். நான் ஒன்றும் சொல்லவில்லை, நடந்ததைக் கேட்டேன்.

அறுவடைக்காக ஊர்க்காரர்களோடு மாயவரம் பக்கம் போயிருந்தார்கள். திரும்பும்போது விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டும். மூட்டை இவள் தலையில்; குழந்தை நாத்தனார் கையில். கூட்டத்தில் ஆளுக்கொரு பெட்டியில் ஏறினார்கள். மயிலம் ஸ்டேஷனில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, குழந்தை இவளிடம் ஓடிவிட்டதாக நாத்தனார் நினைத்திருந்தாள் என்று. அடுத்த வண்டியில் திரும்பிப் போனாள். பிளாட்பாரத்தில் யாரோ ஒருவர், ஒரு பொம்பளை அழுகிற குழந்தையோடு காட்பாடி வண்டியில் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார். இவள் காட்பாடிக்குப் போனாள். அங்கேயே போலீசிலும் சொன்னாள். மறுபடி மறுபடி காட்பாடிக்கே போய்த் தேடிக்கொண்டிருந்தாள். எங்கள் இல்லமோ ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே இருந்தது.

"அடையாளம் ஏதாவது சொல்லும்மா" என்றேன்.

"இன்னா அடையாளம் சொல்லுவேன்? மச்சம் கிச்சம் ஒண்ணும் இல்ல. எல்லாக் கொழந்த மாதிரியும்தான் இருக்கும் எங்க அஞ்சல." பிடுங்கிய செடியின் மண்ணை உதறினாள். "தூங்கும்போது எங்காதப் புடிச்சிக்கினுதான் தூங்கும். இப்ப யாரு காதப் புடிச்சிக்கினு தூங்குதோ."

நான் அம்மாள் சொன்னபடி முகத்தைக் கல்லாக வைத்திருக்க முயன்றேன். முடியவில்லை. முனியம்மா என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த செடியைப் போட்டுவிட்டு எழுந்தாள். வேலை செய்த புடவையோடே என்னுடன் விழுப்புரம் பஸ் ஏறினாள்.

இதைக் கேட்ட அருணாசலம் கடையை மூடிவிட்டு விழுப்புரத்துக்கே வந்துவிட்டார். முற்றத்தில் நின்று கத்தினார்.

"கூலி வேல செய்யறவகிட்ட குடுத்து இன்னாங்க ஆவப் போவுது? கூழுக்கே பேஜாரு அங்க. எங்க வூட்டுல பாலும் சோறுமா வளரும். படிக்க வைப்பேன். கொழந்தைக்கு நல்லது எதுன்னு பாக்கறதுதான உங்க வேல?"

அம்மாள் குரலை உயர்த்தவில்லை. "ஏழையா இருக்கறது ஒரு அம்மாகிட்டேருந்து குழந்தையைப் பிரிக்கக் காரணம் ஆகாது அருணாசலம். அப்படிப் பிரிக்க ஆரம்பிச்சா இந்த ஜில்லாவுல பாதிக் குழந்தைங்க இங்கதான் இருக்கணும்."

அவர் திண்டிவனம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அம்மாள் குழந்தையை உடனே எடுத்து முனியம்மா கையில் கொடுத்துவிடவும் இல்லை. ஏற்கெனவே ஒரு முறை திடீரென்று எல்லாம் மாறிப் போன குழந்தை அது. முனியம்மா இல்லத்திலேயே தங்கட்டும் என்றார். சரஸ்வதியையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். "வந்தா அழுவா. வராட்டி குழந்தை அவளைத் தேடும். அவளா முடிவு பண்ணட்டும்." சரஸ்வதி குழந்தையை அழைத்துக்கொண்டு தானே வந்தாள்.

குழந்தை முனியம்மாவைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொள்ளும் என்று நான் நினைத்திருந்தேன். அது சரஸ்வதியின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது. முனியம்மாவின் வாய் திறந்து மூடியது.

"கூப்பிடாதே. தொடாதே. பக்கத்துல இரு, போதும்" என்றார் அம்மாள்.

முனியம்மா இருந்தாள். முற்றத்தில் உட்கார்ந்து முறத்தில் மல்லாட்டை உரித்தாள். இல்லத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து பருப்பை அள்ளிக்கொண்டு ஓடின. அஞ்சலை மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. சில நாள் இப்படியே போயிற்று. ஒரு நாள் மத்தியானம் மெல்ல வந்து முறத்துக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு கையை நீட்டி முனியம்மாவின் காதைப் பிடித்தது. தடவிப் பார்த்தது. முகம் சுருங்கியது.

"கம்மல் எங்க?" என்று கேட்டது.

காட்பாடிக்குப் போய்த் தேடிய செலவில் அது போயிருந்தது. முனியம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "தொலஞ்சி போச்சிடி" என்றாள். "நீ கெடச்சிட்ட இல்ல, அது போவட்டும்."

குழந்தை மறு காதையும் சோதித்தது. அதிலும் இல்லை. திருப்தியில்லாத முகத்தோடு மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பக்கத்தில் நின்ற சரஸ்வதி கிணற்றடிக்குப் போனாள். வெகு நேரம் முகம் கழுவினாள். வந்து, அவள் தைத்துக் கொண்டுவந்திருந்த பாவாடைகளை மடித்து முனியம்மாவிடம் கொடுத்தாள். "தலைக்கு வெளக்கெண்ண வெக்காதீங்க, அதுக்குப் புடிக்கல" என்று மட்டும் சொன்னாள்.

அஞ்சலை ஊருக்குப் போன பிறகு மாதா மாதம் நான் போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். சிவப்பு வண்டி ஒரு நாள் பஸ் மேல் ஏறி வந்து கூட்டேரிப்பட்டில் இறங்கியது. அனுப்பியவர் யாரென்று டீக்கடைக்காரருக்குச் சொல்லத் தெரியவில்லை. சரஸ்வதி எப்போதாவது போவாள். அஞ்சலை அவளை 'திண்டிவனத்து அம்மா' என்று கூப்பிட்டது.

வருஷம் திரும்பிய பிறகு, முற்றத்துப் பெஞ்சில் மறுபடியும் அருணாசலமும் சரஸ்வதியும் உட்கார்ந்திருந்தார்கள். பந்து வந்து காலில் இடித்தது. இந்த முறை அருணாசலம் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

அப்போது எங்களிடம் ஒரு கைக்குழந்தை இருந்தது. கோலியனூர்ப் பக்கத்து ஏழுமலையின் மகள். பிரசவத்தில் மனைவி போய்விட்டாள். அவருக்கு மேலும் இரண்டு பையன்கள். கரும்பு வெட்ட ஊர் ஊராகப் போகிறவர். வீட்டில் பெண் துணை இல்லை. குழந்தையை அவரிடமே வைத்திருக்க வழி உண்டா என்று அம்மாள் ரொம்ப நாள் பார்த்தார். இல்லத்திலேயே வளர்க்கிறோம், நீ வந்து பார்த்துக்கொள் என்றும் சொன்னார். "இங்க நூத்துல ஒண்ணா வளர வேணாம்மா. ஒரு வூட்டுல வளரட்டும். எம்மனசு ஒப்பித்தான் கேக்கறேன்" என்றார் ஏழுமலை. தகப்பன் இருக்கிறார், அவரே கொடுக்கலாம். சட்டச் சிக்கல் இல்லை.

கொடுப்பதற்கென்று குறித்த நாளில் எல்லாரும் ஆபீசில் கூடினோம். ஏழுமலை குழந்தையை இரு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் வந்தார். சரஸ்வதி முந்தானையை விரித்தாள். அருணாசலம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏம்ப்பா, நெசமாவா குடுக்கற?"

"நெசமாத்தாங்க."

"அப்பறம் வருத்தப்பட மாட்டியே?"

ஏழுமலை குழந்தையைப் பார்த்தார். அருணாசலம் அம்மாளிடம் திரும்பினார். "இன்னும் ஒரு மாசம் போவட்டுங்கம்மா. அவரு நல்லா யோசிச்சிட்டு வரட்டும். நாங்க எங்கியும் ஓடிப் போவல." பிறகு ஏழுமலையிடம், "வேணான்னு தோணிச்சின்னா வராத. நாங்க ஒண்ணும் நெனச்சிக்க மாட்டோம்" என்றார். சரஸ்வதி விரித்த முந்தானையை மெல்ல இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

அந்த மாதம் எங்களுக்கு மெதுவாகப் போயிற்று. ஏழுமலை வர மாட்டார் என்று பச்சையம்மா சொன்னாள். அம்மாள், "வராட்டியும் நல்லதுதான்" என்றார்.

ஏழுமலை வந்தார். பையன்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். குழந்தையைப் பச்சையம்மாவிடமிருந்து வாங்கி, பையன்கள் ஒவ்வொருவர் கையிலும் சற்று நேரம் கொடுத்து வாங்கினார். பிறகு அருணாசலத்தின் எதிரில் வந்து நின்றார்.

"யோசிச்சிட்டேங்க. ஒண்ணே ஒண்ணுதான். அவ சாவறதுக்கு முன்னால வெச்ச பேரு ஒண்ணு கீது. மாத்தாம இருந்தீங்கன்னா..."

"இன்னா பேரு?"

"பூங்காவனங்க."

அருணாசலம் அந்தப் பெயரை ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு குழந்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "பூங்காவனம்" என்று கூப்பிட்டார். குழந்தை கண்ணைக் கொட்டியது. அவர் பையன்களைப் பக்கத்தில் அழைத்தார்.

"எங்க வூடு திண்டிவனத்துல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. சைக்கிள் கடன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. தங்கச்சியப் பாக்கணும்னா வந்துடணும், இன்னா?" என்று சொல்லிவிட்டு, மனைவி பக்கம் திரும்பினார்.

"சரசு, இப்ப வாங்கிக்க."